தஞ்சாவூரில் ஒரே ஒரு பகல்: அரண்மனையா, கங்கைகொண்ட சோழபுரமா?

கேள்வி: கோவைக்காரன்
வரும் சனிக்கிழமை விடியற்காலை தஞ்சாவூரில் இறங்குகிறோம். இரவு ரயிலில் ஊர் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆறு ஆண்டுகளாகப் பரதம் பயில்கிறாள். காலையில் பெரிய கோயில் என்பது முடிவு. அதன்பிறகு அரண்மனைக் கலைக்கூடமா, கார் பிடித்துக் கங்கைகொண்ட சோழபுரமா? வழியில் தாராசுரத்தையும் பார்த்துவிடலாம் என்கிறார் நண்பர்.

பதில்: அரியலூரான்
கங்கைகொண்ட சோழபுரத்தை விடாதீர்கள். தஞ்சை விமானம் நேராக நிமிர்ந்து நிற்கும். ராஜேந்திரன் எழுப்பியது வளைந்து நெளிந்து ஏறும். அடியார் சண்டேசர் தலையில் சிவன் மாலை சுற்றும் சிற்பம் ஒன்றுக்காகவே வரலாம். ஆனால் போக மட்டும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்.

பதில்: மேலவீதி ஆசிரியை
அரியலூரார் சொல்லும் சிற்பம் எனக்கும் உயிர். ஆனாலும் இந்த முறை வேண்டாம். சென்ற ஆண்டு என் அக்கா குடும்பம் மூன்று கோயில்களையும் ஒரே நாளில் பார்த்தது. தாராசுரத்தில் அக்கா காரைவிட்டு இறங்கவே இல்லை, அவ்வளவு கால்வலி.

உங்கள் மகள் ஆடுகிறவள் அல்லவா? அவளுக்கு வேண்டியது எல்லாம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. பெரிய கோயில் மதிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயரை வெட்டிவைத்திருக்கிறான். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எந்த வீடு என்பதுவரை உண்டு. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆடியவர்களைப் பெயர் சொல்லிக் கல்லில் நிறுத்திய அந்த வரிகளை என் மாணவிகளுக்கு வாசித்துக் காட்டும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். விமானத்தின் மேல்தளத்தில் 81 கரணச் சிற்பங்கள், அதாவது நடன நிலைகளைக் காட்டும் சிற்பங்கள், இருக்கின்றன. அங்கே பொதுமக்களை விடுவதில்லை. அதை முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள், ஏமாறக்கூடாது.

வெயில் ஏறியதும் கலைக்கூடம். திருவெண்காட்டு ரிஷபவாகனர் என்ற சிவன் சிலை முன் அவளை நிறுத்துங்கள். 1011-ல் வார்த்த செப்புத்திருமேனி. அவர் சாய்ந்து நின்ற காளை இன்று இல்லை. கால் மாற்றி நிற்கும் அந்த நிலையும், காளைமேல் கை வைத்த பாவமும் மட்டும் அப்படியே இருக்கின்றன. இல்லாத காளை கண்ணுக்குத் தெரியும். அபிநயம் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட வேறென்ன பாடம்? அரண்மனைக் கோபுரத்தில் ஏறவேண்டாம். அம்மா மதியம் விடுதியில் படுத்து எழட்டும். நான்கு மணிக்குமேல் மறுபடி பெரிய கோயில். சாயங்கால வெயிலில் கல் பொன்னிறமாகும்.

கோவைக்காரன்
அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கோயிலுக்கு இரண்டு முறை போகலாம் என்றதும் அவருக்கு மகிழ்ச்சி. கல்தளம் சுடுமே, காலுறை போடலாமா?

மேலவீதி ஆசிரியை
நான் போட்டுக்கொண்டுதான் போகிறேன். இருந்தாலும் பத்து மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள்.