போன்: பௌத்தத்துக்கு முந்திய மதமா, பௌத்தத்தின் ஐந்தாம் கிளையா?

திபெத்திய பௌத்தத்தில் நான்கு பிரிவுகள் உண்டு; போன் அவற்றோடு சேர்ந்ததா, தனி மதமா என்று வடதிசை, கயிலைப்பாதை, மாவிளக்கு என்ற பெயர்களில் மூவர் வாதிடுகிறார்கள்.

வடதிசை

“போன்தான் திபெத்தின் ஆதி மதம், பௌத்தம் வந்து அதை விழுங்கிவிட்டது” என்று சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. அந்த ஒரு பெயருக்குள் மூன்று வேறு சங்கதிகள் கிடக்கின்றன.

திபெத்தியப் பேரரசர் காலத்தில் ‘போன்போ’, ‘ஷென்’ என்றால் சடங்கு செய்யும் பூசாரிகள். அரசர் இறந்தால் ஆடு, குதிரை, யாக் பலியிட்டு ஈமச்சடங்கு நடத்தியவர்கள். வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த பழைய ஏடுகளில் நாம் பார்ப்பது இவர்களைத்தான். மடம், துறவி, தாந்திரிகம், ஜோக்சென் தியானம் எல்லாம் கொண்ட இன்றைய யுங்துருங் போன் வேறு. அது உருத்திரண்டது 10, 11ஆம் நூற்றாண்டுகளில். புதைத்து வைத்து மீட்டெடுத்ததாகச் சொல்லும் ‘தெர்மா’ நூல்களை ஷென்சென் லுகா 1017இல் வெளிக்கொண்டுவந்தார். உறுதியாகக் கால் ஊன்ற அதைவிடப் பழைய ஆண்டு இல்லை. மலைத்தெய்வத்துக்குப் புகை போடுவதும் கொடி கட்டுவதும் மூன்றாவது. பௌத்தரும் போன்போவும் (போன் மதத்தவரும்) ஒருசேரச் செய்கிற நாட்டார் வழக்கம் அது. அதற்கெல்லாம் ‘போன்’ என்று பெயர் ஒட்டுவது பிழை.

கயிலைப்பாதை

மூன்றாகப் பிரிப்பது சரி. ஆனால் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே சுவர் எழுப்புவது சரியல்ல.

போன் மரபு தன் ஆசிரியராகச் சொல்லும் தோன்பா ஷென்ராப் மிவோ 11ஆம் நூற்றாண்டில் முளைத்த பெயர் அல்ல. துன்ஹுவாங் ஏடுகளிலேயே ‘ஷென்ராப் மிவோ’ வருகிறார். 2006இல் தென்திபெத்தில் கதாங் பும்பா என்ற இடிந்த ஸ்தூபியிலிருந்து கிடைத்த சுவடிகளையும் பாருங்கள். பௌத்தச் சாயல் இல்லாத சடங்கு நூல்கள் அவற்றில் இருக்கின்றன. புத்தரைப் பார்த்து நகலெடுத்த பாத்திரம் என்றால், பௌத்தமே இல்லாத ஏட்டில் அந்தப் பெயர் எப்படி வந்தது?

‘நகல்’ என்ற குற்றச்சாட்டு பிறந்த இடத்தையும் பார்க்க வேண்டும். போன் வரலாற்றை மூன்று கட்டமாக்கி, கடைசிக் கட்டத்துக்கு ‘மாற்றி எழுதிய போன்’ என்று பெயர் சூட்டும் பிரிவு, கேலுக் என்ற பௌத்தப் பிரிவின் ஆசிரியர் துகேன் 1802இல் முடித்த நூலில் இருக்கிறது. எதிர்த்தரப்பு மடத்து ஆசிரியர் தீட்டிய சித்திரத்தை நடுநிலை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது.

வடதிசை

அந்த ஏடுகளில் ஷென்ராப் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. அழைத்தால் வந்து ஈமச்சடங்கை முடித்துக் கொடுக்கும் பூசாரி அவர். பிற ஷென் பூசாரிகளோடு சேர்ந்தே பெயர் வருகிறது. ஞானம் பெற்ற உலகாசான் அல்ல. அவருக்குப் பன்னிரண்டு அருஞ்செயல்கள், அரச வாழ்வு, துறவு எல்லாம் பின்னால் சேர்ந்தவை. அவர் வரலாற்றின் மிக விரிந்த வடிவமான ‘சிஜி’ 12 தொகுதி கொண்டது. 14ஆம் நூற்றாண்டில் லோதென் ஞிங்போ வழியாக வந்தது. பெயர் பழையது, ஆள் புதியவர்.

பாடத்திட்டத்தையும் பாருங்கள். ஞாம்மே ஷெராப் கியால்ட்சென் 1405இல் மென்ரி மடத்தை நிறுவினார். அங்கே படிப்பது பௌத்த மடங்களின் பாடங்களே: வினயம் (துறவு ஒழுக்கம்), பிரஞ்ஞாபாரமிதை (ஞான நூல்கள்), மத்தியமகம் (சூனியத் தத்துவம்), தர்க்கம். முடித்தால் கெஷே என்ற மடக்கல்விப் பட்டம். கேலுக் மடத்து மாணவர் அந்த வாதக் களத்தில் போய் உட்கார்ந்தால் முக்கால்வாசி புரிந்துவிடும்.

கயிலைப்பாதை

மீதிக் கால்வாசி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஞிங்மா என்ற பௌத்தப் பிரிவிலும் ஒன்பது யானங்கள், போனிலும் ஒன்பது வழிகள். ஞிங்மாவின் முதல் மூன்று சிராவக, பிரத்தியேகபுத்த, போதிசத்துவ யானங்கள். ‘தென்புதையல்’ என்ற போன் நூல்தொகுதியின் வரிசையில் முதல் நான்கு வழிகள் என்ன? ‘சாஷென்’: குறிபார்த்தல், கணியம், சடங்கு, நோய் அறிதல். ‘நாங்ஷென்’: தீட்டுக் கழித்தல், பிணைமீட்பு. ‘துருல்ஷென்’: பகையை அடக்குதல். ‘சிஷென்’: இறந்தவரை வழிநடத்துதல். இந்த நான்குக்கும் ஞிங்மா பட்டியலில் இணையே கிடையாது. துன்ஹுவாங் பூசாரி செய்த வேலை, அப்படியே முதல் நான்கு படிகளாக உட்கார்ந்திருக்கிறது.

மாவிளக்கு

இருவரும் நூலையே பார்க்கிறீர்கள். ஒரு சடங்கைப் பிரித்துப் பார்த்தால் தையல் எங்கே என்று தெரியும். ‘லூ’ என்ற பிணைமீட்புச் சடங்கை எடுத்துக்கொள்வோம்.

நோயாளியைப் பிடித்திருக்கும் ஆவிக்கு அவருக்குப் பதிலாக ஒரு பொம்மையைக் கொடுப்பது இது. ட்சாம்பா என்ற வறுத்த பார்லி மாவைப் பிசைந்து நோயாளியின் உடலில் அழுத்தி எடுப்பார்கள். அதில் உருவம் செய்து, அவர் உடுத்திய துணியின் துண்டு, முடி, நகம் சேர்ப்பார்கள். பக்கத்தில் குச்சிகளைக் குறுக்காகக் கட்டி ஐந்து நிற நூல் சுற்றிய ‘நம்கா’ நிற்கும். மரத்துக்குப் பச்சை, நெருப்புக்குச் சிவப்பு, மண்ணுக்கு மஞ்சள், உலோகத்துக்கு வெள்ளை, நீருக்கு நீலம். இந்த ஐந்தில் நோயாளி பிறந்த ஆண்டுக்குரிய மூலப்பொருளை வைத்து வரிசை அமையும். மரம் மண்ணுக்குப் பகை என்பதால் பச்சையை அடுத்து மஞ்சள் வந்தால் தவறு. நடுவே சிவப்பு வர வேண்டும், ஏனென்றால் மரம் நெருப்பைப் பிறப்பிக்கிறது, நெருப்பு மண்ணைப் பிறப்பிக்கிறது.

பிறகு ‘மராங்’: இந்தச் சடங்கு முதன்முதலில் யாருக்காக, எதனால் செய்யப்பட்டது என்ற தோற்றக்கதை. அதைச் சொல்லாமல் பொம்மையைக் கொடுத்தால் பலிக்காது. பொம்மை நோயாளியைவிட அழகானது, அணிமணி உள்ளது என்று புகழ்ந்து பேரமும் பேச வேண்டும். மட்டமான பண்டத்துக்கு ஆவி ஏன் கைதியை விடும்?

துன்ஹுவாங் ஈமநூல்களும் தோற்றக்கதையைச் சொல்லித்தான் சடங்கைத் தொடங்குகின்றன. இது பௌத்தம் தந்ததல்ல. ஆனால் இன்றைய மடத்தில் மராங்குக்கு முன்னால் சரணமும் போதிசித்தமும் (எல்லா உயிருக்காகவும் ஞானம் தேடும் உறுதி) ஓதப்படுகின்றன. உயிர்ப்பலி இருந்த இடத்தில் மாவு இருக்கிறது. உள்ளுடல் பழையது, அதை நிறுத்தியிருக்கும் அறம் பௌத்தத்தோடு பொதுவானது.

வடதிசை

மராங் பற்றிய வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். முதல் நான்கு வழிகளின் சரக்கு பழையதுதான். ஆனால் அவற்றை ‘காரண வழிகள்’ என்று கீழே வைத்து, துறவையும் ஜோக்சென்னையும் ‘பலன் வழிகள்’ என்று மேலே அடுக்கியது யார்? அந்த அடுக்குதான் யுங்துருங் போன். அது பௌத்தச் சட்டகம். பலியை உயிராக வைத்திருந்த மதம் அதை விலக்கிய பிறகும் அதே மதம்தானா? 821–822இல் சீனாவோடு செய்த உடன்படிக்கையில்கூட விலங்கைக் கொன்று சத்தியம் செய்ததாக லாசா தூணில் வெட்டியிருக்கிறது. அப்போது பேரரசு பௌத்தத்தை ஏற்றுத் தலைமுறைகள் ஆகிவிட்டன.

கயிலைப்பாதை

அந்தத் தூண் உங்களுக்கே எதிராகத்தானே நிற்கிறது? பலியோடு சத்தியம் செய்த பௌத்த அரசைப் பௌத்த அரசு என்றே அழைக்கிறீர்கள். பலியை விட்ட போனைப் போன் என்று அழைக்க மட்டும் தயங்குகிறீர்கள்.

மாவிளக்கு

‘ஐந்தாம் கிளை’ என்பதற்கு ஒரு வார்த்தை. நாடுகடந்த திபெத்திய நாடாளுமன்றத்தில் நான்கு பௌத்தப் பிரிவுகளுக்குத் தலா இரண்டு இடம், போனுக்கும் இரண்டு. தலாய் லாமா 1988இல் இமாச்சலத்தின் தோலாஞ்சியில் மீண்டும் நிறுவப்பட்ட மென்ரி மடத்துக்கே போனார். நூற்றாண்டுகளாக இழிவாகப் பேசப்பட்டவர்களுக்கு இது பெரிய மதிப்பு. ஆனாலும் அது சமநிலைக்கான ஏற்பாடு. ஷென்ராப்பை விட்டுச் சாக்கியமுனி புத்தரை ஆசானாக ஏற்றதாக எந்தப் போன்போவும் சொல்வதில்லை.

கயிலைப்பாதை

நன்றி, நான் சொல்ல நினைத்ததும் அதுதான். கயிலையைச் சுற்றும் 52 கி.மீ. பாதையில் இந்துவும் பௌத்தரும் வலம் வருகிறார்கள், போன்போ இடம் வருகிறார். சுவத்திகமும் இடப்பக்கம் திரும்பியது. மந்திரம் ஆறெழுத்து ‘ஓம் மணி பத்மே ஹும்’ அல்ல, எட்டெழுத்து ‘ஓம் ம த்ரி மு யே ச லே து’. மற்றவர்கள் இறங்குகிற தோல்மா கணவாயின் செங்குத்துப் பக்கத்தில் போன்போ ஏறுகிறார்.

வடதிசை

திசை மாற்றம் தனி அடையாளத்தைக் காட்டும், மூப்பைக் காட்டாது. பக்கத்தில் இருப்பவரிடமிருந்து விலகி நிற்கத்தான் எதிர்த்திசை தேவைப்படும். பௌத்தம் வருவதற்கு முன் திபெத்தியர் இடம் வந்தார்கள் என்று காட்டும் ஓர் ஏட்டைக் காட்டுங்கள், அந்த இடத்திலும் ஒப்புக்கொள்கிறேன்.