மறு: "பேக் கம்ப்ரஷன்" தமிழில் என்ன? – 'வளையக்கசிவு' என்பது என் பரிந்துரை

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சினில் எரிந்த வளி, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கை (வளையத்தை) தாண்டி, மறுபக்கம் ஆயில் இருக்கும் கிராங்க் அறைக்குப் போவதைப் பட்டறையில் 'பேக் கம்ப்ரஷன்' என்கிறார்கள், ஆங்கிலத்தில் blow-by. அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'ஊதுகடப்பு', 'பின்னழுத்தம்', 'இறங்குவளி' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு எஞ்சின் பாடம் எடுக்கிறவன். அடுத்த அணிக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் இந்தச் சொல் வரும் பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. இது வெறும் பெயர்ச் சிக்கல் இல்லை என்று எனக்குப் புரியவைத்தது ஒரு வண்டி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏற்காடு பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்குச் சவாரி விடும் ஏடிவி (ATV, கரடுமுரடான தரையிலும் ஓடும் சிறு வண்டி). ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், கார்பரேட்டர் வண்டி. மழை ஈரத்தில் ஒரு சரிவில் பக்கவாட்டில் கவிழ்ந்து, நிமிர்த்த ஆள் வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறது. நிமிர்த்தி ஸ்டார்ட் செய்ததும் நீலம் கலந்த வெள்ளைப் புகை. ஸ்லோ ஸ்பீடில் அணையாமல் ஓடுகிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் திணறி அணைந்துவிடுகிறது. முதலில் பார்த்த பட்டறையில் ஆயில் மூடியைத் திறந்து, துளைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "பேக் கம்ப்ரஷன் அடிக்குது, ரிங் போச்சு, போர் பண்ணணும்" (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும்) என்று சொல்லிவிட்டார்கள். உரிமையாளருக்கு மனசு ஒப்பவில்லை. எங்களிடம் கொண்டுவந்தார்.

மாணவர்களை வைத்துக்கொண்டு, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் மாட்டிப் பார்த்தோம். பிறகு பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியைக் கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்ளும், இரண்டாவது அளவு நன்றாக ஏறும். இங்கே முள் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றது. முதல் அளவும் வண்டியின் கையேடு சொன்ன வரம்புக்குள்ளேயே இருந்தது. (கையேட்டைப் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது. பல ஏடிவிகளில் ஸ்டார்ட் செய்வதை எளிதாக்க, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டிலேயே அழுத்தத்தைக் கொஞ்சம் விடுவிக்கும் அமைப்பு உண்டு. அதனால் நல்ல எஞ்சினே குறைவாகக் காட்டும்.)

அப்புறம் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தோம். ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஆயிலில் ஊறிக் கனத்துப் போயிருந்தது. பிழிந்தால் விரலிடுக்கில் வழிகிறது. பெட்டியின் அடியில் விரற்கடை ஆழத்துக்கு ஆயில் தேங்கி நின்றது. வடிய வேண்டிய குழாயின் நுனியைச் சேறு அடைத்திருந்தது. நடந்தது இதுதான்: வண்டி சாய்ந்து கிடந்தபோது கிராங்க் அறையில் இருந்த ஆயில், அந்த அறையின் வளியை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக ஃபில்டர் பெட்டிக்குள் போய்விட்டது. அதைத்தான் எஞ்சின் காற்றோடு சேர்த்து உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. ஃபில்டர் ஊறிப்போனதால் காற்றும் போதவில்லை, ஆகவே திணறல். பெட்டியைத் துடைத்து, ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, பிளக் மாற்றி, ஆயில் அளவைச் சரிசெய்தோம். சைலன்சருக்குள் படிந்த ஆயில் எரிந்து தீரும்வரை இன்னும் கொஞ்ச நேரம் புகைந்தது. பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. போர் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

அன்று மாலை ஒரு மாணவரின் குறிப்பேட்டைப் பார்த்தேன். 'பழுதின் காரணம்' என்ற இடத்தில் "பேக் கம்ப்ரஷன்" என்று எழுதியிருந்தார். அவரும் கூடவே நின்று கேஜ் பார்த்தவர்தான், ரிங் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தவர்தான். ஆனால் பிரீதர் வழியாக எது வந்தாலும் அதற்கு அவரிடம் இருந்தது அந்த ஒரே சொல்.

பட்டறையில் இந்த ஒரு சொல் மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சுமக்கிறது. எரிந்த வளி ரிங்கைத் தாண்டிக் கிராங்க் அறைக்கு இறங்குவது ஒன்று. பிஸ்டன் கீழே வரும்போதெல்லாம் கிராங்க் அறைக் காற்றைத் தள்ளுவது இன்னொன்று. ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் இது இயல்பு. புத்தம்புது வண்டியிலும் ஆயில் மூடியைத் திறந்தால் கையில் விட்டுவிட்டு அடிக்கும். முதல் பட்டறைக்காரரின் உள்ளங்கையில் பட்டது இதுவாகத்தான் இருக்கும். மூன்றாவது, சாய்ந்ததாலோ அளவுக்கு மேல் ஊற்றியதாலோ ஆயில் பிரீதரில் ஏறி வழிவது. இதில் முதலாவதற்கு மட்டும்தான் நமக்குக் கலைச்சொல் வேண்டும். அந்தச் சொல்லில் மற்ற இரண்டும் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

இந்தக் கண்ணோடு, இழையில் வந்திருக்கும் சொற்களைப் பார்க்கிறேன்.

> பின்னழுத்தம் என்றே வைத்துவிடலாமே, மெக்கானிக் சொல்வதற்கும் நெருக்கம்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா. சைலன்சர் அடைத்துக்கொண்டு புகை வெளியேற முடியாமல் எதிர்த்துத் தள்ளுவதற்குப் பின்னழுத்தம் என்ற சொல்லை ஏற்கெனவே வைத்திருக்கிறோம். சேற்றில் ஓடும் ஏடிவிக்கு அந்தப் பழுதும் வரக்கூடியதே. வண்டி இழுக்காததற்குக் காரணம் தேடும் அதே பக்கத்தில் ஒரு சொல் இரு பொருளில் வந்தால் மாணவர் சைலன்சரைக் கழற்றுவாரா, ரிங்கைக் கழற்றுவாரா?

> இறங்குவளி – வளி மேலிருந்து கீழே இறங்குவதால்.

யாழ்ப்பாணத்து அன்பர் தந்த சொல். கேட்க மிக அழகு, இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆக்கம் இதுதான். ஆனால் சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கும் எஞ்சின்களும் உண்டு. தெருவில் ஓடும் 100 சிசி பைக்குகள் பலவற்றிலேயே அப்படித்தான். அங்கே எதுவும் இறங்குவதில்லை. எந்த வழியாகப் போகிறது என்பதையும் சொல் காட்டவில்லை.

'ஊதுகடப்பு' blow-by என்ற ஆங்கிலச் சொல்லின் இரு பாதிகளையும் தனித்தனியே பெயர்த்து ஒட்டியது. ஆங்கிலம் தெரியாதவருக்கு அது ஒன்றும் சொல்லாது.

என் பரிந்துரை வளையக்கசிவு. காரணத்தையும் சொல்கிறேன்.

எஞ்சினில் அழுத்தம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை செய்வோம். பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரசர் காற்றை விட்டுக் காது கொடுத்துக் கேட்பது. சைலன்சரில் 'புஸ்' என்றால் எக்சாஸ்ட் வால்வு. கார்பரேட்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் நடுவில் உள்ள அடைப்பு). ஆயில் மூடித் துளையில் கேட்டால் ரிங். இதற்குக் 'கசிவுச் சோதனை' என்று பெயர் வைத்துப் பாடம் நடத்தி வருகிறேன், மாணவர்கள் தயங்காமல் சொல்கிறார்கள். அப்படியானால் முடிவுகளும் அதே குடும்பத்தில் அமையட்டும்: வால்வுக்கசிவு, கேஸ்கெட் கசிவு, வளையக்கசிவு. எதன் வழியாகக் கசிகிறது என்பது சொல்லின் முன்பாதியிலேயே இருக்கிறது. வால்வுக்கு 'ஓரதர்' எழுதுபவர்கள் ஓரதர்க்கசிவு என்று வைத்துக்கொள்ளலாம், குடும்பம் கலையாது.

> கசிவு என்றால் மெல்ல ஊறுவது. இது அழுத்தத்தோடு பீச்சுவது அல்லவா?

நியாயமான கேள்வி, அக்கா. ஆனால் வாயுக்கசிவு என்று நாளிதழ் எழுதினால் நாம் யாரும் மெல்ல ஊறுவதாக நினைப்பதில்லை. அதோடு, ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டுத்தான் ஆக வேண்டும். சூட்டில் விரிய இடம் வேண்டுமே. ஆகவே நல்ல எஞ்சினிலும் கொஞ்சம் வளி தாண்டத்தான் செய்யும், அதை வெளியேற்றத்தான் பிரீதரே இருக்கிறது. என்றைக்கும் கொஞ்சம் இருந்து, தேய்மானத்தால் கூடிப்போவதற்குக் கசிவு பொருத்தமான சொல். "வளையக்கசிவு மிகுந்துவிட்டது" என்று எழுதினால் பழுதின் அளவும் கிடைக்கிறது.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். பட்டறை நடத்தும் நண்பரிடம் எதுவும் விளக்காமல் "ரிங் கசிவு இருக்கு" என்றேன். "கம்ப்ரஷன், ஆயில் சம்புக்குப் போகுதா?" (கிராங்க் அறையின் அடியில் ஆயில் தேங்கும் இடத்துக்கு) என்று உடனே கேட்டார். எழுத்தில் வளையக்கசிவு, வாய்ப்பேச்சில் ரிங் கசிவு. இரண்டுக்கும் நடுவில் ஏறி இறங்கப் படி இருக்கிறது. எனக்கு இதுவே பெரிய பலமாகத் தெரிகிறது.

இதே ரிங் வழியாக எதிர்த்திசையில் ஆயில் மேலேறி எரிவதற்கும் சொல் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம். "வண்டி ஆயில் குடிக்குது" என்று ஊரே சொல்கிறது. 'எண்ணெய் குடித்தல்' என்று அப்படியே எழுதிக்கொள்ளலாம். 'எண்ணெயேற்றம்' வேண்டவே வேண்டாம், விலையேற்றத்தின் நினைப்புதான் வரும். குடிப்பது ரிங் வழியாகவா, வால்வு சீல் (வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் அடைப்பு) வழியாகவா என்பதைப் புகை வரும் நேரம் ஓரளவு காட்டிக்கொடுக்கும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப்புகை விட்டு அப்புறம் தெளிந்தால் சீலைச் சந்தேகிக்கலாம். ஏற்றத்தில் முறுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங். கரும்புகையை இதோடு சேர்க்கவே கூடாது, அது பெட்ரோல் மிகுதி. சோக் சிக்கிக்கொண்டிருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று அங்கே பார்க்க வேண்டும்.

பிரீதருக்கு 'மூச்சுக்குழல்' என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். உடலியலில் மூச்சுக்குழாய் இருப்பதால் குழம்புமோ என்ற தயக்கம் இருக்கிறது. ஆனால் எஞ்சின் பாடத்தில் நுரையீரல் வரப்போவதில்லை. அப்போது அந்த ஏற்காட்டு வண்டியின் பழுதை "மூச்சுக்குழலில் எண்ணெய் வழிந்தது, வளையக்கசிவு இல்லை" என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

ஏடிவிக்கே தமிழ்ச்சொல் கேட்டவர்களுக்கு: 'நாற்சக்கர' என்று தொடங்குவதை மட்டும் தவிர்ப்போம். 1970இல் ஹோண்டா அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது மூன்று சக்கர வண்டி, நான்கு சக்கரம் 1980களில்தான் வந்தது. அதைத் தனி இழையில் பேசலாம்.

இப்போதைக்கு எனக்கு இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். வளையக்கசிவு என்ற சொல்லை வேறு ஏதாவது துறையில் வேறு பொருளில் யாராவது ஆள்கிறீர்களா? இலங்கை, மலேசிய நண்பர்களே, உங்கள் ஊர் கராஜ்களில் இந்தப் பழுதை வாய்ப்பேச்சில் எப்படிச் சொல்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கிறேன். திங்களன்று அந்தப் பக்கம் நகலெடுக்கப் போகிறது.