விளையாட்டைப் பாடமாக எடுத்த சமூகவியல் மேடம்: அவரிடம் படித்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

எனக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். தர்மபுரியில் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்ததே வேறு எதுவும் கிடைக்காததால்தான். விளையாட்டைப் பற்றி ஒரு பேப்பர் இருக்கு, ஜாலியா போகும் என்று சீனியர் ஒருவர் சொன்னதை நம்பி உட்கார்ந்தேன்.

முதல் நாளே மேடம் கேட்டார்: "சேப்பாக்கத்துல பாகிஸ்தான் ஜெயிச்சா எழுந்து நின்னு கை தட்டுவீங்களா?" எழுந்து வெளியே போயிடுவோம் மேடம் என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. அப்புறம் 1999 ஜனவரியில் அங்கே நடந்த பாகிஸ்தான் டெஸ்ட் மேட்ச் கதையைச் சொன்னார். சச்சின் முதுகுவலியோடு 136 அடித்து, அவர் போனதும் மிச்ச மூன்று விக்கெட்டும் நாலே ரன்னில் விழுந்து, 12 ரன்னில் தோற்றோம். அன்றைக்கு சேப்பாக்கம் கூட்டம் எழுந்து நின்று கை தட்ட, பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. அதே மாதம்தான் பாகிஸ்தான் வரக்கூடாது என்று டெல்லியில் பிட்சைத் தோண்டிப் போட்டதும். "ரெண்டு பேரும் இந்தியர்தானே, இதுல தேசபக்தி எது?" என்று கேட்டுவிட்டு, பதிலே சொல்லாமல் அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சரியான எரிச்சல்.

பல்வங்கர் பாலூ என்ற பெயரை அங்கேதான் முதன்முதலில் கேட்டேன். தலித் சுழற்பந்து வீச்சாளர், 1911 இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். புனாவில் அவர் ஆடிய காலத்தில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் டீ குடித்தார்கள், இவருக்கு வெளியே மண் குவளை. விக்கெட் வேண்டும், ஆனால் மதத்துக்கு ஒரு அணியாக ஆடிய அந்தக் காலப் பம்பாய் போட்டியில் இந்து அணியின் கேப்டன் பதவி கடைசிவரை தரவில்லை. 1923 இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது, அதுவும் பெரிய சண்டைக்கு அப்புறம்.

பொங்கல் லீவுக்கு அசைன்மெண்ட் கொடுத்தார். ஊரில் நடக்கிற டோர்னமென்ட்டைப் பார்க்கணும், ஸ்கோர் வேண்டாம், தண்ணீர் யார் எப்படிக் குடிக்கிறார்கள், பேட் யாருடையது, ஜெயித்த கப் யார் வீட்டில் இருக்கிறது, இதையெல்லாம் எழுதிக்கொண்டு வரணும்.

ஊர் டீமுக்கு நான்தான் கேப்டன். காலனி டீம் தனி. ஆனால் வெளியூர் மேட்ச் என்றால் காலனியிலிருந்து ஒரு தம்பியைக் கூட்டிக்கொள்வோம், கடைசி ஓவரில் ஆறு பந்தும் யார்க்கர் போடுவான். நாங்கள் சாதி பார்க்காத டீம் என்பதற்கு இதைத்தான் எல்லோரிடமும் உதாரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டோடு உட்கார்ந்த அன்றைக்குத்தான் கவனித்தேன், கேன் தண்ணீர் எல்லோருக்கும் ஒன்றுதான், டம்ளரும் ஒன்றுதான், அவன் மட்டும் கையில் ஏந்திக் குடிக்கிறான், அப்படிக் குடி என்று யாரும் சொல்லவுமில்லை, டம்ளரை நீட்டவுமில்லை. கப்போடு திரும்பும்போது காலனித் திருப்பத்திலேயே பைக்கை விட்டு இறங்கிவிடுவான், நாங்கள் கோயில் முன்னால் போய்ப் போட்டோ எடுப்போம். போனில் மூன்று வருடத்துப் போட்டோ இருந்தது. மூன்றிலும் எண்ணிப் பார்த்தேன், பத்துப் பேர்.

எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் "அவரிடம் கேட்டீர்களா?" என்று மட்டும் இருந்தது. கேட்கவில்லை.

* * *

நான் சூளகிரி. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், அப்பாவுக்கு வேலை பெங்களூரில். இந்த மேடம் ஆராய்ச்சிக்காக ஓசூர் டீக்கடைகளில் நோட்டோடு உட்கார்ந்திருந்த ஆள்தான், ஐபிஎல்லில் நீங்கள் சென்னையா பெங்களூரா என்று கேட்டுக்கொண்டு. 2018 ஏப்ரலில் காவிரிப் பிரச்சினையில் சேப்பாக்கத்துக்குள் செருப்பு வீசி, சென்னை மேட்சுகளைப் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போன சமயம் அது. ஒகேனக்கல் தண்ணியைக் குடிச்சிட்டு பெங்களூருக்கு விசிலா என்று மாமா கத்த, அப்பா பொறுமையாகச் சொன்னார்: "தோனி ராஞ்சி, கோலி டெல்லி. இதுல நம்ம தண்ணி எங்க வந்துச்சு மச்சான்?" மேடம் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

இன்னொன்று. 2023 பிப்ரவரி 2 அன்று எங்கள் பக்கம் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமாகி நெடுஞ்சாலையை மறித்தார்கள், கல் பறந்தது, நான் பஸ்ஸில் சீட்டுக்கு அடியில். மெரினாவில் 2017 இல் காளை என்றால் தமிழன் அடையாளம் என்றோம். இங்கே எருது விடுகிறவர்களில் பாதிப்பேர் எங்களை மாதிரி வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள், நாங்கள் அதை ஜல்லிக்கட்டு என்று சொல்வதும் கிடையாது. மேடம் வகுப்பில் இதை எடுத்தாரா தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

* * *

எடுத்தார், ஒரு மாதம் எடுத்தார். என் வருத்தமே அதுதான். கிரிக்கெட், காளை, திரும்பவும் கிரிக்கெட். நான் காரிமங்கலம், மாவட்ட அளவில் கபடி ஆடியவள். பெண்கள் எப்போ வருவோம் மேடம் என்று கேட்டதற்கு "நீயே எழுது" என்றார். எழுதினேன். ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990 பெய்ஜிங்கிலேயே வந்துவிட்டது, பெண்கள் கபடி 2010 குவாங்சோவில்தான். மண்ணின் விளையாட்டு என்று மேடை மேடையாகப் பேசினார்கள், அந்த மண்ணில் நாங்கள் கால் வைக்க இருபது வருடம். நல்ல மார்க் போட்டார், அடுத்த செட்டுக்கு என் கட்டுரையை வாசித்தும் காட்டினாராம். ஆனால் என்னை எழுதச் சொல்லாமல் அவரே அதை முதல் மாதமே எடுத்திருக்கலாம்.

பாலக்கோட்டு அண்ணா, அந்தத் தம்பியிடம் அப்புறமாவது கேட்டீர்களா?

* * *

கேட்டேன்மா, படிப்பு முடிந்து ரொம்ப நாள் கழித்து. போட்டோவைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். "போட்டோ கிடக்கட்டும்ணா, அந்தக் கப்பெல்லாம் இப்ப எங்க இருக்கு?" என்றான்.

மூன்றும் எங்கள் வீட்டு டிவி ஷெல்பில் இருக்கிறது.