கிரேஞ்ச் ஹாலில் மூன்று தேவிகளுக்கு நாற்காலி ஏன்?

கேள்வி (கோதுமைக்காட்டுக்காரி):
வணக்கம். நாங்கள் இருப்பது கிழக்கு வாஷிங்டனில், சுற்றிலும் கோதுமைக் காடு. பொங்கல் விழாவுக்கு ஊர்க்கோடியில் ஒரு பழைய மர மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோம். வாசலில் 'கிரேஞ்ச்' என்று எழுதி ஒரு நம்பர். உள்ளே நடுவில் சின்ன மேசைமேல் திறந்த பைபிள். சுவரோரம் மூன்று நாற்காலிகள். முதுகில் சீரிஸ், பொமோனா, ஃப்ளோரா என்று பொன் எழுத்து, கை பட்டுப் பட்டுப் பாதி தேய்ந்திருக்கிறது. இது சர்ச்சா? சாவி கொடுத்த பாட்டி "விவசாயிகள் சங்கம்" என்றார், அவ்வளவுதான்.

பதில் (பழையகணக்கு):
சர்ச் இல்லை அக்கா. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து தென் மாநிலங்களில் விவசாயம் நொடித்துக் கிடந்ததை வேளாண் துறை ஊழியர் ஆலிவர் கெல்லி நேரில் போய்ப் பார்த்தார். 1867 டிசம்பரில் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு இந்தச் சங்கத்தை ஆரம்பித்தார். அவர் ஃப்ரீமேசன், அதாவது ரகசியச் சடங்குகளோடு கூடும் ஒரு ஆண்கள் சங்கத்தில் உறுப்பினர். சடங்கு, படிநிலை எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஆனால் மேசன்கள் பெண்களைச் சேர்க்கவில்லை. இங்கே பெண்களுக்கும் சம உரிமை வேண்டும் என்று வற்புறுத்தியவர் கெல்லியின் உடன்பிறந்தார் மகள் கரோலின் ஹால். நாற்காலிப் பெயர்கள் ரோமானிய தேவிகளுடையவை: தானியத்துக்கு சீரிஸ், பழத்துக்கு பொமோனா, பூவுக்கு ஃப்ளோரா. அந்த மூன்று நாற்காலிகளும் பெண் நிர்வாகிகளுக்கானவை. நாடு முழுக்கப் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1920இல்தான், யோசித்துப் பாருங்கள்!

ரயில் கம்பெனியும் தானியக் கிடங்குக்காரரும் வைத்ததே விலை என்றிருந்த காலம் அது. கிரேஞ்ச்காரர்கள் போராடிக் கட்டணத்துக்குச் சட்டம் கொண்டுவர வைத்தார்கள். இல்லினாய் கிடங்குச் சட்டம் செல்லும் என்று 1877இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. கிராமத்து வீட்டுக்கே தபால் வந்ததிலும் இவர்கள் பங்கு பெரிது.

பதில் (மின்கம்பி):
உங்கள் மாநிலத்தில் இன்னொன்றும் உண்டு. மக்களே மின்சார வாரியம் அமைத்துக்கொள்ளலாம் என்ற 1930ஆம் ஆண்டுச் சட்டம், வாஷிங்டன் கிரேஞ்ச் கையெழுத்து வாங்கி வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. உங்கள் கரண்ட் பில்லில் பி.யு.டி. (அந்த வாரியத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருந்தால் அதன் வழி வந்ததுதான்.

கோதுமைக்காட்டுக்காரி:
இப்போதுதான் பில்லை எடுத்துப் பார்த்தேன். பி.யு.டி.யேதான்! சாவி கொடுக்கப் போனபோது பாட்டியிடம் கேட்டேன். பொமோனா நாற்காலியில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தாராம். இப்போது கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வருகிறார்களாம், கூரை வேறு ஒழுகுகிறது. சனிக்கிழமை அங்கே பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. ஒரு அண்டா சாம்பார் சாதத்தோடு போகிறேன். உறுப்பினர் படிவத்தையும் வாங்கிவிடுவேன்.