புதுப்பிப்பு: அல்சூர் பள்ளித் தெரு நடைபாதைக்கு நிதி கிடைத்தது

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் பத்திரமாகப் பள்ளிக்குப் போக வழி வேண்டும், நிதியை யாரிடம் கேட்பது என்று போன வருடம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, எம்.பி. தொகுதி நிதியைக் கேட்கச் சொன்ன அக்காவின் யோசனை. ஒரு எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், வேலையை எம்.பி. பரிந்துரைப்பார், அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம். அளந்து, படத்தோடு கொடுக்கச் சொன்னதும் அவர்தான். சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (IRC) அமைப்பின் விதிப்படி, நடைபாதையில் நடக்கும் இடம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் டேப் வைத்தால் 60 சென்டிமீட்டர்! அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

எதிர்பாராதது ஒன்று: டிரான்ஸ்ஃபார்மரை நகர்த்தும் செலவு மதிப்பீட்டில் இல்லை. அதற்குத் தனி மனு கொடுத்திருக்கிறோம். சைக்கிள் பாதையும் இந்த முறை சேரவில்லை. மற்ற இடங்களில் திங்கட்கிழமை கல் பதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.