கோடை வந்ததும் ஹெக்சேன் இழப்பு கூடுகிறது, எங்கே பார்ப்பது?

சிவன்மலைக்காரன்:
வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் சால்வென்ட் பிளான்டில் ஷிப்ட் பார்க்கிறேன். எக்ஸ்பெல்லரில் ஆட்டிய தேங்காய்ப் புண்ணாக்கில் நிற்கும் மிச்ச எண்ணெயை ஹெக்சேன் (எண்ணெயைக் கரைக்கும், சீக்கிரம் ஆவியாகும் திரவம்) விட்டு எடுக்கிறோம். தை மாதம் டன்னுக்கு 4 லிட்டர் ஹெக்சேன்தான் இழப்பு, பங்குனியில் 7 லிட்டர். பம்ப் சீல், பிளாஞ்ச் (குழாய் இணைப்பு) எல்லாம் பார்த்தாயிற்று, கசிவு இல்லை. காசு போவது ஒருபக்கம், அந்த ஆவி எங்கே போய்த் தேங்குகிறதோ என்று தூக்கம் வருவதில்லை.

பெருந்துறை ஆபரேட்டர்:
தம்பி, கசிவு இல்லையென்றால் நாலு வழிதான்: புண்ணாக்கு, எண்ணெய், கழிவுநீர், வென்ட் (காற்று வெளியேறும் குழாய்). வெயிலோடு கூடுகிறது என்றால் முதலில் வென்ட். ஆவியைக் குளிர வைத்துத் திரவமாக்கும் கடைசி கண்டன்சருக்குள் போகும் தண்ணீர் என்ன சூடு, வென்ட் காற்று என்ன சூடு?

சிவன்மலைக்காரன்:
மதியம் தண்ணீர் 33, வென்ட் 41 அண்ணா. போர் தண்ணீர்தான் விடுகிறோம்.

பெருந்துறை ஆபரேட்டர்:
அந்த 8 டிகிரி இடைவெளிதான் காட்டிக்கொடுக்கிறது. கண்டன்சர் குழாயில் உப்பு படிந்திருக்கும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் அப்படி. ஹெக்சேன் கொதிப்பதே 69 டிகிரியில். 20 டிகிரியிலிருந்து 40-க்குப் போனால் அதன் ஆவி அழுத்தம் இரண்டு மடங்கைத் தாண்டும், குளிராத ஆவி காற்றோடு போய்விடும். வென்ட் காற்றில் மிஞ்சும் ஹெக்சேனைப் பிடிக்கிற மினரல் ஆயில் அப்சார்பரையும் பாருங்கள். ஆயில் சூடாக ஏறினால் ஹெக்சேனைப் பிடிக்காது, அதன் கூலருக்கும் இதே தண்ணீர்தானே?

வெள்ளகோவில் பிட்டர்:
குழாய் சுத்தம் செய்ய அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். பிளான்டை நிறுத்தி, ஹெக்சேனை வடித்து, நீராவி விட்டு, லைனுக்கு பிளைண்ட் (அடைப்புத் தகடு) போட்டு, கேஸ் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். காற்றில் 1.1 சதவீதம் ஹெக்சேன் இருந்தாலே பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும். ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், குழியிலும் சாக்கடையிலும் போய்ப் படுத்துக்கொள்ளும். மீட்டரை அங்கேயும் இறக்கிப் பாருங்கள். மேலே வாசம் இல்லை என்று நம்பிவிடாதீர்கள் தம்பி.

சிவன்மலைக்காரன் (பத்து நாள் கழித்து):
அண்ணன்மார்களுக்கு ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தோம். குழாய்க்குள் ஓடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. எடுத்ததும் வென்ட் 36-க்கு வந்தது, இழப்பு டன்னுக்கு 4.5 லிட்டர். ஆயில் கூலரை ஞாயிற்றுக்கிழமை திறக்கிறோம். கூலிங் டவருக்கு சாப்ட்னர் தண்ணீர் (கடினத்தன்மை நீக்கிய தண்ணீர்) விட முதலாளியிடம் கேட்டிருக்கிறேன்.