யாழ்ப்பாணம் மயிலிட்டிப் பக்கம் டீசல் தாங்கி: பெயின்ற் மாரிக்கு முன்னமோ, தைக்குப் பிறகோ?

உவர்க்காற்று:
கடலிலிருந்து 300 மீற்றர் வரும். ஐஸ் ஆலை ஒண்டின்ர டீசல் தாங்கி, விட்டம் 4 மீற்றர், உயரம் 4 மீற்றர், 50,000 லீற்றர் கொள்ளும். தென்மேற்குப் பக்கம் பழைய பெயின்ற் செதில் செதிலாக் கழருது. வெல்டிங் கோட்டிலயும் அடித்தகட்டு விளிம்பிலயும் கறள். ஆவணி முடியுது. மாரிக்கு முன்னம் சுரண்டி முழுசா அடிக்கலாமோ, தை கழிய விடுறதோ? எவ்வளவு பெயின்ற் வாங்க வேணும்?

கறள்வெட்டி:
முழு வேலைக்கு இப்ப இறங்காதேங்கோ. சோளகம் (தென்மேற்குக் காற்று) இன்னும் ஓயேல்ல. உங்கட தாங்கி தென்மேற்கில கழருறதுக்கு அந்தக் காற்றும் ஒரு காரணமா இருக்கலாம். காலமை பிளாஸ்ற் பண்ணின (மணல் மாதிரித் துகளை வீசிச் சுரண்டின) இரும்பில பின்னேரம் உப்பும் புழுதியும் படிஞ்சிடும். ஸ்பிறே பண்ணினா பாதி பக்கத்து வளவுக்குப் போகும். புரட்டாதியில பின்னேர இடிமழை, ஐப்பசி நடுவில மாரி. மூண்டு பூச்சு காய இடைவெளி கிடையாது.

இப்ப செய்ய வேண்டியது ஒட்டுவேலை மட்டும். கழண்ட இடங்களைக் கழுவிக் காயவிட்டு, சுரண்டி, கறள் தாங்கிற எப்பொக்சி மாஸ்ரிக்கைத் தூரிகையால இரண்டு தரம் அடியுங்கோ, ஒவ்வொண்டும் 100 மைக்றோன் (மில்லிமீற்றரில பத்தில ஒண்டு) அளவில. டீசல் உள்ள இருக்கிற தாங்கியில பிளாஸ்ற், கிறைண்டர் இரண்டும் கூடாது. கையால சுரண்டுங்கோ, காற்றுக்குழாய் வாய்ப் பக்கம் காஸ் மீற்றர் பிடிச்சுப் பார்த்த பிறகு.

முழு வேலை மாசி நடுவிலிருந்து பங்குனி கடைசி வரை, தாங்கியை வெறுமையாக்கி, காஸ் இல்லை எண்டு பார்த்த பிறகு. சித்திரைச் சிறுமாரிக்கு முன்னம் மேல்பூச்சு முடிஞ்சிருக்க வேணும்.

கணக்கு: சுவர் 50, கூரை 12.5, ஆக 63 சதுர மீற்றர். கடற்கரைக்கு, ஐஎஸ்ஓ 12944 சொல்லுற சி5 வகைக்கு (கறள் கடுமையாப் பிடிக்கிற இடம்), காய்ஞ்ச தடிப்பு 260 மைக்றோன் வையுங்கோ: சிங்க் எப்பொக்சி 60, மைக்கா இரும்பொட்சைட் கலந்த எப்பொக்சி 140, பொலியூரித்தேன் 60. திண்மம் (காய்ஞ்ச பிறகு மிஞ்சிற பங்கு) 60 வீதமான சிங்க் எண்டால் ஈரத்தில 100 மைக்றோன், அதாவது 6.3 லீற்றர். வீண் போறதையும் சேர்த்து 10 எடுங்கோ. நடுப்பூச்சு 80 வீதத் திண்மத்துக்கு 11 வரும், 16 எடுங்கோ. மேல்பூச்சுக்கு 10 போதும். வெல்டிங், விளிம்பு, போல்ற் தலை எல்லாத்துக்கும் ஒவ்வொரு பூச்சுக்கும் முன்னம் தூரிகையால தனியா ஒருக்கா இழுக்க வேணும். முதல்ல கறள் பிடிக்கிற இடம் அதுகள்தான்.

வாடைக்கரை:
மாதம் சரி. ஆனா மாசியை லேசா எண்ணாதேங்கோ. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' எண்டு சும்மாவே சொன்னவை? தாங்கிக் கூரை இரவில வானத்துக்குச் சூட்டை விட்டு, காற்றை விடக் குளிர்ந்துபோகும். விடிய ஏறிப் பார்த்தா, துடைக்கத் துடைக்கத் தண்ணி. சுவரில இன்னொரு விசயம்: டீசல் நிக்கிற மட்டத்துக்கு மேல வெயில் பட்டதும் காயும், கீழ உள்ள இரும்பை உள்ளிருக்கிற குளிர் டீசல் சூடேற விடாது. கோடு கீறினமாதிரிக் கீழ்ப்பாதி ஒன்பது மணிக்கும் ஈரம். தாங்கியை வெறுமையாக்கச் சொல்லுறதுக்குப் பாதுகாப்போட இதுவும் ஒரு காரணம்.

இரும்பு, பனிநிலையை (காற்றில உள்ள ஈரம் தண்ணியாப் படியத் தொடங்கிற வெப்பநிலை) விடக் குறைஞ்சது 3 பாகை கூட இருக்க வேணும். காற்று 30 பாகை, ஈரப்பதன் 75 வீதம் எண்டால் பனிநிலை 25. இரும்பு 28 ஆகாமல் டப்பாவைத் திறக்காதேங்கோ. மீற்றர் இல்லாட்டி ஈரத் துணியால ஒரு கைப்பிடி இடத்தைத் துடைச்சுப் பாருங்கோ. கால் மணித்தியாலத்தில காயேல்ல எண்டால் அண்டைக்குப் பொறுங்கோ.

மேல்பூச்சைப் பின்னேரம் இரண்டு மணிக்கு நிப்பாட்டுங்கோ. காய முன்னம் பனி விழுந்தா பொலியூரித்தேன் மினுக்கம் செத்து வெளிறும். எப்பொக்சியில எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் எழும்பும். தின்னரால துடைச்சா அது பரவும். சவர்க்காரமும் இளஞ்சுடுதண்ணியும் போட்டுக் கழுவி, உரஞ்சுதாளால உரஞ்சிப்போட்டுத்தான் அடுத்தது. விட்டா மேல் பூச்சு தோல் மாதிரி உரியும்.

வெயிலும் எதிரிதான். 50 பாகைக்கு மேல சுட்ட இரும்பில அடிச்சா கரைப்பான் கொதிச்சு ஊசித்துளை விழும். மாசி, பங்குனியில சூரியன் தெற்கால போறதால வடக்குப் பக்கத்தை நடுப்பகலுக்கு வையுங்கோ. மேற்கு காலமை, கிழக்கு மத்தியானத்துக்குப் பிறகு.

உவர்க்காற்று:
நன்றி அண்ணையவை. ஆலைக் கிணத்துத் தண்ணியால கழுவலாமோ? பிளாஸ்றுக்குக் கடற்கரை மணல் சும்மா கிடைக்குது.

கறள்வெட்டி:
இரண்டும் வேண்டாம் தம்பி. கரையோரக் கிணறு உவர், கழுவிக் காய உப்பு அங்கயே நிக்கும். நல்ல தண்ணி பவுசர் ஒண்டு எடுங்கோ. கடல் மணல் உப்பை இரும்புக்குள்ளயே அடிச்சு இறுக்கும், அதின்ர தூசி நெஞ்சுக்கும் நஞ்சு. கார்னெற் (பிளாஸ்றுக்கு விக்கிற கல்துகள்) வாங்கி எஸ்ஏ இரண்டரைத் தரத்துக்கு (கறளும் பழைய பெயின்றும் கிட்டத்தட்ட முழுசாப் போற அளவு) அடியுங்கோ. இரும்பில ஒட்டியிருக்கிற உப்பை அளக்கிற பிறெஸ்ல் சோதனையில உப்பு சதுர மீற்றருக்கு 50 மில்லிகிறாமுக்குக் கீழ வந்தாப் பிறகு, நாலு மணித்தியாலத்துக்குள்ள சிங்க் ஏற வேணும். புதுக் கறளால மஞ்சள் தட்டினா திரும்ப ஒருக்கா லேசா பிளாஸ்ற் பண்ணுங்கோ. அடித்தகட்டுக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில இருக்கிற வெடிப்பைக் கடைசியில பொலியூரித்தேன் சீலன்ற் போட்டு, தண்ணி வெளியால ஓடுற சரிவா இழுத்து விடுங்கோ.